மீன் நிறைந்த ஆற்றில் பண்ணை மீனை ஏன் விடக்கூடாது?

ஆற்றில் மீன் குறைவாக இருக்கிறதா? பண்ணையில் வளர்த்துக் கொண்டுபோய் விட்டால் போயிற்று. கேட்டவுடன் யாருக்கும் நியாயமாகப் படும் யோசனை. அமெரிக்காவின் மீன்வளத் துறைகள் நூறு வருடம் இந்த யோசனையை நம்பித்தான் வேலை செய்தன. லாரி லாரியாக டிரவுட் மீன்கள் மலையாறுகளுக்குப் போயின. ஏற்கெனவே மீன் நன்றாகப் பெருகிக்கொண்டிருந்த ஆறுகளுக்கும் போயின. அப்படி விட்டதால் அந்த ஆறுகளில் மீன் கூடவில்லை, குறைந்தது. அது தெரியவந்த விதமும், அதற்கான காரணமும் ஆற்றைப் பற்றி யோசிக்கிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

டிரவுட் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழும் மீன். தெளிந்த நீர், நிறைய ஆக்சிஜன், முட்டையிடக் கூழாங்கல் படுகை, இவை இருந்தால்தான் தழைக்கும். நம் பக்கத்தில் நீலகிரியில் இருக்கிறது. ஆனால் அது அந்த மலைக்குச் சொந்தமான மீன் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் செய்த முயற்சிகள் தோற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே அங்கே ரெயின்போ டிரவுட் நிலைத்தது. அங்கே டிரவுட் என்றாலே பண்ணை வழி வந்ததுதான். அதனால் நாம் பேசப்போகும் சிக்கல் அங்கே இதே வடிவில் எழவில்லை. ஆற்றிலேயே பிறந்து வளரும் டிரவுட் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது அதன் நடுவே பண்ணை மீனைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்த இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசு 1871-இல் மீன்வளத்துக்கென்று ஓர் ஆணையம் அமைத்தது. காடு வெட்டப்பட்டு, ஆறுகளில் அணையும் ஆலைக் கழிவும் பெருகி, மீன் அருகிக்கொண்டிருந்த காலம் அது. ஆற்றைச் சரிசெய்வது கடினம், மீனை வளர்த்து விடுவது சுலபம். கலிஃபோர்னியாவின் மெக்ளவுட் ஆற்றிலிருந்து எடுத்த ரெயின்போ டிரவுட் முட்டைகள் நாடு முழுக்கப் போயின. ஜெர்மனியிலிருந்து பிரவுன் டிரவுட் முட்டைகள் 1883-இல் வந்திறங்கின. மீன் கேன்களை ஏற்றிச் செல்லவென்றே தனி ரயில் பெட்டிகள் ஓடின.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது இன்னும் பெரிதானது. தூண்டில் சாமான்கள் மீதான வரியை மாநிலங்களின் மீன்வளப் பணிக்குக் கொடுக்கும் சட்டம் 1950-இல் வந்தது. உலர்ந்த குருணைத் தீவனம் வந்ததும் பண்ணையில் மீன் வளர்க்கும் செலவு இறங்கியது. அதன்பின் சின்னக் குஞ்சுகளை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்து, அன்றே தூண்டிலில் பிடிபடத் தயாராக இருக்கும் மீனையே கொண்டுபோய் விடலாம். லாரி பாலத்தருகே வந்து நிற்கும், குழாய் வழியாக மீன் ஆற்றில் விழும், பின்னாலேயே தூண்டில்காரர்கள் வருவார்கள். உரிமக் கட்டணம் கட்டியவருக்குக் கட்டணத்தின் பலன் கண்முன் துள்ளியது.

மொன்டானாவில் அந்தப் பதிலைத் தந்தது மேடிசன் ஆறு. அது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் தொடங்குகிறது. ஹெப்கன் அணையைத் தாண்டி, எனிஸ் என்ற சின்ன ஊரைக் கடந்து, த்ரீ ஃபோர்க்ஸ் பக்கம் போய் ஜெஃபர்சன், காலட்டின் ஆறுகளோடு சேர்ந்து மிசௌரியாகிறது. வேகமான, அகலமான, ஆழம் குறைந்த ஆறு. அடியெல்லாம் கல். டிரவுட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அங்கேயும் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் பண்ணை ரெயின்போக்களை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

1960-களின் நடுவில் டிக் வின்சென்ட் என்ற இளம் மீனியலாளர் மொன்டானா மீன்வளத் துறைக்காக அந்த ஆற்றில் வேலையைத் தொடங்கினார். அவர் பண்ணை மீனை எதிர்த்துக் கிளம்பியவர் அல்ல. அணையிலிருந்து குளிர்காலத்தில் விடும் தண்ணீரின் அளவு மீனை எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அதற்கு முதலில் ஆற்றில் எத்தனை மீன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இவ்வளவு வருடம் மீன் விட்ட துறையிடம் அந்தக் கணக்கு இல்லை. எத்தனை விட்டோம் என்ற கணக்குதான் இருந்தது.

எண்ணும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் வந்த வாதம் முழுவதும் இந்த எண்களின் மேல்தான் நிற்கிறது. படகில் ஜெனரேட்டர் வைத்து, தண்ணீருக்குள் மின்சாரத்தை அளவோடு செலுத்துவார்கள். பக்கத்தில் இருக்கும் மீன்கள் சில நொடி மயங்கி மின்முனையை நோக்கி வரும். வலையால் அள்ளித் தொட்டியில் போட்டு, நீளமும் எடையும் பார்த்து, செதிள் சுரண்டி வயது கணித்து, துடுப்பின் ஓரத்தில் சிறு வெட்டு அடையாளம் வைத்து அதே இடத்தில் விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து ஆற்றின் அதே பகுதியில் மறுபடி பிடிப்பார்கள். முதல் தடவை 500 மீனுக்கு அடையாளம் வைத்தோம், அடுத்த தடவை பிடித்த 400-இல் அடையாளம் உள்ளவை 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எட்டில் ஒரு மீனுக்குத்தான் அடையாளம் இருக்கிறது. ஆக மொத்தம் சுமார் 4,000 மீன். கணக்கு எளிது. வேகமாக ஓடும் பெரிய ஆற்றில் அதை நம்பகமாகச் செய்து காட்டியதுதான் பெரிய காரியம்.

வருடங்கள் செல்லச் செல்ல ஒரு விஷயம் உறுத்தியது. குளிர்காலத் தண்ணீர் நன்றாக வந்தால் மீன் கூட வேண்டும். பண்ணை மீன் விடாத பகுதியில் அப்படித்தான் நடந்தது. பண்ணை மீன் விடும் வார்னி பகுதியில் தண்ணீர் நன்றாக வந்தும் ஆற்று மீன் எதிர்பார்த்தபடி கூடவில்லை. வித்தியாசம் ஒன்றுதான் கண்ணில் பட்டது, அது லாரி.

சந்தேகப்பட்டால் போதாதே, சோதித்துப் பார்க்க வேண்டும். வின்சென்ட் செய்தது ஒரு தலைகீழ்ச் சோதனை. வருடா வருடம் மீன் விட்டுவந்த வார்னி பகுதியில் 1970-இலிருந்து விடுவதை நிறுத்தினார்கள். எனிஸ் பக்கத்தில் ஓ'டெல் ஓடை என்று ஊற்றுநீர் ஓடை ஒன்று இருக்கிறது. பண்ணை மீன் படாமல் பல வருடம் இருந்த ஓடை அது. அங்கே மூன்று வருடம் பண்ணை மீன் விட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் நிறுத்து, இன்னோரிடத்தில் தொடங்கு. பண்ணை மீனால் பாதிப்பு இல்லை என்றால் இரண்டு இடத்திலும் எதுவும் மாறக்கூடாது.

இரண்டு இடத்திலும் மாறியது. வார்னியில் விடுவதை நிறுத்தி நான்கு வருடத்தில், இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன ஆற்று ரெயின்போக்களின் எண்ணிக்கை எட்டு மடங்குக்கு மேல் கூடியது. மொத்த எடையைப் பார்த்தால் பத்து மடங்குக்கு மேல். பிரவுன் டிரவுட்டும் வெகுவாகப் பெருகியது. ஓ'டெல் ஓடையில் நேர்மாறு: அங்கிருந்த பெரிய பிரவுன் டிரவுட்டில் ஏறத்தாழ பாதி காணாமல் போனது.

இந்த முடிவை எனிஸ் ஊர்க்காரர்கள் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. தூண்டில் கடை, விடுதி, வழிகாட்டிகள் என்று ஊரே மீனை நம்பிப் பிழைத்தது. லாரி வராவிட்டால் ஆள் வரமாட்டான் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கும், வாழ்நாளெல்லாம் மீன் வளர்த்த அதிகாரிகளுக்கும் இந்த எண்கள் கசந்தன. துறைக்குள்ளேயே பலத்த எதிர்ப்பு எழுந்தது. இருந்தும் 1974-இல் மொன்டானா முடிவெடுத்தது: டிரவுட் தானாகப் பெருகும் ஆறுகளில் இனிப் பண்ணை மீன் விடுவதில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலம் முழுமைக்கும் அப்படி ஒரு முடிவை முதலில் எடுத்தது அதுதான். பயந்தபடி ஊர் காலியாகவும் இல்லை. இன்று அந்த மாநிலத்தில் தூண்டில்காரர்கள் மிக அதிகம் வரும் ஆறுகளில் மேடிசனும் ஒன்று. கூட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் இப்போது அங்கே பெரிய விவாதம்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? வளர்ந்த பண்ணை மீன் ஆற்று மீனைக் கூட்டமாகத் தின்றுவிடுவதில்லை. சேதம் வேறு வழியில் வருகிறது.

ஓடும் தண்ணீரில் ஓரிடத்தில் நிற்பதற்கே மீனுக்குச் சக்தி செலவாகும். நல்ல இடம் என்பது ஒரு கல்லுக்குப் பின்னாலோ அடித்தளத்துப் பள்ளத்திலோ ஓட்டம் மட்டுப்பட்டு, ஆனால் இரண்டு விரல்கடை தள்ளி வேகமான நீர் இரையைச் சுமந்து வரும் இடம். அங்கே நின்றால் அசையாமல் காத்திருந்து, வரும் பூச்சியைக் கவ்விக்கொண்டு திரும்பிவிடலாம். அப்படிப்பட்ட இடங்கள் ஆற்றில் எண்ணிக்கைக்குட்பட்டவை. எது எங்கே நிற்பது என்று மீன்களுக்குள் ஒரு படிநிலை இருக்கிறது. பெரியதற்கு முதல் இடம், அடுத்ததற்கு அடுத்த இடம். ஒருமுறை தீர்ந்துவிட்டால் தினம் தினம் சண்டை இருப்பதில்லை.

பென்சில்வேனியாவின் ஸ்ப்ரூஸ் கிரீக்கில் ராபர்ட் பாக்மன் என்ற ஆய்வாளர் கரையோரம் கோபுரம் கட்டி, மேலிருந்து பிரவுன் டிரவுட்டுகளைப் பொறுமையாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். உடல் புள்ளிகளை வைத்து ஒவ்வொரு மீனையும் அவரால் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தது. 1984-இல் வெளியான அவருடைய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் மற்றவர்கள் எண்ணிக்கையில் கண்டதை அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார். ஆற்று மீன் வருடக்கணக்கில் அதே சின்ன எல்லைக்குள், அதே சில கற்களுக்குப் பின்னால் நின்றது. நடுவில் விடப்பட்ட பண்ணை மீனோ ஓயாமல் அலைந்தது, குறைவாகத் தின்றது, சக்தியை மிச்சப்படுத்தும் இடங்களைப் பயன்படுத்தத் தெரியாமல் வேக நீரில் நின்று திணறியது.

அதைக் குறைசொல்லியும் பயனில்லை. சிமெண்ட் தொட்டியில் சீரான ஓட்டத்தில், மேலிருந்து விழும் குருணையைப் பாய்ந்து கவ்விப் பழகிய மீன் அது. அங்கே முண்டியடிப்பவனுக்குத்தான் தீனி. கல்லுக்குப் பின்னால் பதுங்கிக் காத்திருக்கும் பழக்கம் தொட்டியில் வளர வாய்ப்பே இல்லை. அந்த முண்டியடிக்கும் குணத்தோடு நூற்றுக்கணக்கில் ஒரே மடுவில் அதைக் கொட்டினால், அங்கே நிலைபெற்றிருந்த ஒழுங்கு கலைகிறது. ஆற்று மீன் இடத்தைக் காக்கச் சண்டை போடுகிறது, துரத்துகிறது, சில நேரம் விட்டுவிட்டுப் போகிறது. இரை தேட வேண்டிய சக்தி சண்டையில் போனால் குளிர்காலத்தைத் தாண்டும் கொழுப்பு சேராது. பண்ணை மீனும் வாழ்வதில்லை. பெரும்பாலானவை சில வாரத்தில் தூண்டிலில் போகும், மிச்சத்தில் மிகச் சிலவே அடுத்த கோடையைப் பார்க்கும். வந்தவன் நிலைக்கவில்லை, இருந்தவனும் கெட்டான்.

மனிதரின் பங்கும் உண்டு. லாரி வரும் நாள் தெரிந்தால் கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்தின் தூண்டிலுக்குப் பண்ணை மீன், ஆற்று மீன் என்ற பேதம் கிடையாது. விடாமல் இருந்திருந்தால் அங்கே வந்திராத நூறு பேர், இயல்பாக இருந்த மீனையும் சேர்த்து அள்ளிப் போய்விடுவார்கள்.

அடுத்தது பரம்பரை. இதில் சேதம் மெதுவாக நடக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. பண்ணையில் எந்த மீன் பிழைக்கிறதோ அதன் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. பருந்தும் இல்லை, வெள்ளமும் இல்லை, பசியும் இல்லை. நெரிசலைத் தாங்குவதும் வேகமாகத் தின்று கொழுப்பதும்தான் அங்கே தகுதி. மனிதரும் வேண்டுமென்றே சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இயற்கையில் ரெயின்போ வசந்தத்தில் முட்டையிடும் மீன். பல பண்ணை வகைகளை இலையுதிர் காலத்தில் முட்டையிடும்படி மாற்றிவிட்டார்கள், சீக்கிரம் பொரித்தால் சீக்கிரம் விற்பனை அளவுக்கு வளரும் என்பதற்காக. பண்ணைக்கு அது வசதி, ஆனால் ஆற்றில் பொரியும் குஞ்சுக்கு அந்தக் காலம் ஒத்துவராது.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் அதிர்ச்சி. ஒரிகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்ற மீன் இருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போதான் அது. அங்கே ஓர் அணையில் மேலேறும் ஒவ்வொரு மீனிடமும் மாதிரி எடுத்து, யாருக்கு யார் பிள்ளை என்று டி.என்.ஏ. வழியாக வம்சாவளியே போட்டார்கள். 2007-இல் வெளியான முடிவு: பண்ணையில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் சந்ததி விடும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது. அதே ஆற்று மீன்களை வைத்து 2016-இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆற்றுப் பெற்றோரின் குஞ்சுக்கும் முதல் தலைமுறைப் பண்ணைப் பெற்றோரின் குஞ்சுக்கும் இடையே 700-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் இயக்கத்தில் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு வகைக் குஞ்சுகளையும் ஒரே சூழலில்தான் வளர்த்திருந்தார்கள். ஒரே தலைமுறையில் இவ்வளவு என்றால், நூறு வருடம் தொட்டியிலேயே பெருகிய மீன் ஆற்று மீனோடு கலந்தால் ஆற்று மீன் எதை இழக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நோய் மூன்றாவது. சுழல் நோய் என்று ஒன்று. ஐரோப்பாவைச் சேர்ந்த நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்று இளங்குஞ்சின் குருத்தெலும்பைத் தின்னும். முதுகு வளைந்து, வால் கறுத்து, மீன் தன் வாலைத் தானே துரத்துவதுபோல் வட்டமாகச் சுற்றும். இரை பிடிக்கவும் முடியாது, தப்பிக்கவும் முடியாது. இறந்த மீனிலிருந்து வித்துக்கள் சேற்றில் இறங்கி, அங்கே வாழும் டியூபிஃபெக்ஸ் என்ற செம்புழுவின் உடலுக்குள் போய் உருமாறி, திரும்பத் தண்ணீரில் மிதந்து அடுத்த குஞ்சின் தோலில் ஒட்டும். ஐரோப்பாவின் பிரவுன் டிரவுட் இதோடு நெடுங்காலம் வாழ்ந்து தாக்குப்பிடிக்கக் கற்றது. அமெரிக்க மேற்குக்கரை மீனான ரெயின்போவுக்கு அந்தப் பழக்கமில்லை. அமெரிக்காவில் 1950-களில் பென்சில்வேனியாவில் முதலில் தென்பட்டது. அடியில் மண் சேரும் பண்ணைக் குளங்கள் அந்தப் புழுவுக்கு அருமையான இடம். பண்ணையிலிருந்து பண்ணைக்கும், பண்ணையிலிருந்து ஆற்றுக்கும் மீன் போகும் பாதையில் நோயும் போனது. கொலராடோவில் மாநிலப் பண்ணைகளுக்குள்ளேயே அது புகுந்துவிட்டது. நோய் தொற்றிய மீன்களும் ஆறுகளில் விடப்பட்டன. 1990-களில் கொலராடோ ஆற்றின் மேற்பகுதியிலும் கன்னிசன் ஆற்றிலும் வருடா வருடம் பிறக்கும் ரெயின்போக் குஞ்சுகள் ஏறக்குறைய முழுதுமாக அழிந்தன.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேடிசனின் ரெயின்போவும் பிரவுனும் அந்த ஆற்றுக்குப் பூர்வீகமானவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதன்பிறகும் மனிதர் விட்ட மீன்களின் சந்ததிகள் அவை. அந்த மண்ணுக்குரிய டிரவுட் வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட். தாடைக்குக் கீழே சிவப்புக் கீற்று இருக்கும். அது இன்று பெரும்பாலும் எட்டாத மலையோடைகளுக்குள் ஒதுங்கிவிட்டது. ரெயின்போ அதோடு சுலபமாகக் கலந்து இனம் பெருக்கும், கலந்ததைப் பிரிக்க வழியில்லை. மொன்டானாவின் ஓடையொன்றில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், மரபில் ஐந்தில் ஒரு பங்கு ரெயின்போ கலந்தாலே கட்த்ரோட்டின் சந்ததி விடும் திறன் பாதியாகக் குறைந்தது தெரிந்தது. ஆக, இன்றைக்கு ஆற்றில் பிறந்த மீனைக் காக்கிறோம் என்று சொல்லும்போதே, அதற்கும் முன்னே இருந்த மீனை முந்தைய தலைமுறையின் பண்ணை லாரிகள் ஓரங்கட்டியதையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த மனப்போக்கு எந்த எல்லைக்குப் போனது என்பதற்கு 1962 செப்டம்பரில் நடந்தது சாட்சி. வயோமிங், யூட்டா பகுதியில் ஃபிளேமிங் கார்ஜ் அணை நிரம்பும் முன், கிரீன் ஆற்றிலும் கிளைகளிலும் சுமார் 700 கி.மீ. நீளத்துக்கு ரொட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்தை ஊற்றினார்கள். கொலராடோ ஆற்றுப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்களும் அதில் செத்தன. விஷம் திட்டமிட்ட எல்லையைத் தாண்டி டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள்ளும் போனது. காரணம், வரப்போகும் ஏரியில் ரெயின்போ விட வேண்டும், பழைய மீன்கள் இடைஞ்சல். படிக்கும்போதே நெஞ்சு பதைக்கிற செய்தி இது.

எதிர்த்தரப்பிலும் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஐடஹோ மாநிலத்தில் பல ஓடைகளில், பண்ணை மீன் விட்ட பகுதியையும் விடாத பகுதியையும் சில வருடம் ஒப்பிட்டார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் ஆற்று ரெயின்போவின் எண்ணிக்கையிலோ பிழைப்பிலோ வளர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை. அங்கே விட்டவை மலட்டு மீன்கள், விட்ட அளவும் மிதமானது. முட்டை கருவுற்ற சிறிது நேரத்தில் அழுத்தமோ வெப்பமோ கொடுத்தால் குஞ்சுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் அமைந்துவிடும். அப்படிப்பட்ட மீன் வளரும், இனம் பெருக்காது. இங்கிலாந்தில் 2015-இலிருந்து ஆறுகளில் பிரவுன் டிரவுட் விடுவதென்றால் ஒன்று இப்படி மலட்டு மீனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதே ஆற்றின் தாய்மீனிலிருந்து வளர்த்ததாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மரபுக் கலப்பைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு.

ஆனால் ஐடஹோ முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் என் கேள்வி மாறவில்லை. பாதிப்பில்லை என்பது வேறு, பயன் உண்டு என்பது வேறு. தானாகவே மீன் நிறைந்திருக்கும் ஆற்றுக்குச் செலவு செய்து மீன் கொண்டுபோவது எதற்காக? ஓர் ஆறு எவ்வளவு மீனைத் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது இரை, நிழல், கோடையில் தண்ணீரின் அளவு, குளிர்காலத்தில் ஒதுங்க ஆழமான மடு, முட்டையிடச் சுத்தமான கூழாங்கல், இவைதான். பண்ணையிலிருந்து மீனைக் கொண்டுவரலாம், இவற்றில் ஒன்றைக்கூடக் கொண்டுவர முடியாது. பண்ணை நடத்தும் பணத்தில் கரையோரம் வேலி போட்டு மாடு இறங்காமல் தடுக்கலாம், பாசனத்துக்குத் திருப்பும் தண்ணீரில் ஒரு பங்கை ஆற்றிலேயே விட விவசாயிகளோடு ஒப்பந்தம் போடலாம். லாரியிலிருந்து மீன் துள்ளி விழும் காட்சியின் கவர்ச்சி இவற்றுக்கு இல்லை. அதுதான் இதில் இருக்கும் அரசியல். பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கும் நிகழ்ச்சியாக வேலி போடுவது மாறாது.

பண்ணையே வேண்டாம் என்பதல்ல வாதம். மொன்டானா இன்றும் பண்ணைகள் நடத்துகிறது, ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் லட்சக்கணக்கில் மீன் விடுகிறது. அங்கே பெரும்பாலும் முட்டையிட ஓடை இல்லை, விடாவிட்டால் மீனே இராது. ஊருக்குப் பக்கத்துக் குளத்தில் பிள்ளைகள் தூண்டில் பழக மீன் விடுவதிலும் தவறில்லை. அப்புறம், பூர்வீக மீனைத் திரும்பக் கொண்டுவரவும் பண்ணை உதவும். மேடிசனில் வந்து சேரும் செர்ரி கிரீக் என்ற ஓடையில் 2003-இல் தொடங்கிப் பல வருடம், ஓர் அருவிக்கு மேலே இருந்த, பூர்வீகமல்லாத டிரவுட்டுகளை நீக்கிவிட்டு வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட்டின் கருமுட்டைகளை வைத்தார்கள். வளர்ந்த மீனை அங்கே கொட்டவில்லை. ஓடையோரம் வைத்த வாளிகளில் ஓடைத் தண்ணீரே பாய, முட்டை பொரிந்து குஞ்சுகள் தாமாக நீந்திப் போயின. பொரிந்த கணத்திலிருந்து அந்த ஓடையின் நீர்தான் அவற்றை வளர்த்தது. பண்ணை நுட்பத்துக்கு இதைவிடக் கண்ணியமான பயன் எனக்குத் தெரியவில்லை.

மேடிசனுக்கு உண்மையான சோதனை 1994-இல் வந்தது. அந்த வருடக் கடைசியில் ஆற்றில் சுழல் நோய் உறுதியானது. மேல் மேடிசனில் ரெயின்போ ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்துவிட்டது. பண்ணை மீன் விடுவது நின்று இருபது வருடம் ஆகியிருந்த ஆறு. லாரியைத் திரும்ப அனுப்ப இதைவிடப் பெரிய சாக்கு கிடைக்காது. அனுப்பவில்லை. அதே வின்சென்ட் இந்த முறை நோயைப் படிக்க இறங்கினார். பிழைத்த மீன்களின் முட்டைகளை எடுத்துப் பொரித்து, குஞ்சுகளை நோய்க்கு உட்படுத்திப் பார்த்தார்கள். வருடங்கள் செல்லச் செல்ல, பிழைத்தவற்றின் குஞ்சுகளில் நோயின் கடுமை குறைந்துகொண்டே வந்தது. தாங்கும் திறன் உள்ள சில மீன்கள் அந்தக் கூட்டத்தில் முன்பே இருந்திருக்கின்றன, அவற்றின் வாரிசுகள் பெருகின. 2000-களில் ரெயின்போ கணிசமாக மீண்டது. நோய்க்குப் பழக்கமில்லாத பண்ணை மீனை அந்த நடுவில் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கலந்திருந்தால், இந்தத் தேர்வு இவ்வளவு சுத்தமாக நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது அந்தப் பகுதியில் இன்னொரு நெருக்கடி. தென்மேற்கு மொன்டானாவின் பிக் ஹோல், பீவர்ஹெட், ரூபி ஆறுகளில் பிரவுன் டிரவுட் சில வருடமாகச் சரிந்து, 2023-இல் பல இடங்களில் இதுவரை பதிவான எண்ணிக்கையிலேயே மிகக் குறைந்த அளவைத் தொட்டது. வறட்சியும் சூடேறும் தண்ணீரும் முதல் சந்தேகம். பெரிய மீன்கள் எப்போது, எதனால் சாகின்றன, குஞ்சுகள் எந்தக் கட்டத்தில் தொலைகின்றன, நோயின் பங்கு என்ன என்று மாநிலத் துறையும் மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆய்வுகளைத் தொடங்கியிருக்கின்றன.